தராசில் ஏறிய இறக்கை: ஏற்காட்டில் இரண்டு நாள் பறத்தல் பயிலரங்கு

சென்ற ஆடி மாதத்தில், எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 26 பேரை அழைத்துக்கொண்டு, ஏற்காட்டில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்குச் சென்று வந்தேன். விமானமும் பறவையும் எப்படிப் பறக்கின்றன என்பதைச் சோதனைகள் வழியாகவே கற்பிப்பதாகச் சொல்லி, சேலத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் மூவர் அதை நடத்துகிறார்கள். குறை சொல்லவும் எனக்குச் சில இருப்பதாலும், அவர்கள் இதைத் தொடங்கி அதிக நாள் ஆகாததாலும், குழுவின் பெயரை எழுதவில்லை. இதைப் போன்ற பயிலரங்குகளைப் பலரும் நடத்தத் தொடங்கிவிட்ட நிலையில், பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே பள்ளிகளுக்குக் கூடுதலாகப் பயன்படும். கட்டணம் ஒரு மாணவருக்கு 1,350 ரூபாய். தங்குமிடம், உணவு, பொருள்கள் அனைத்தும் அதில் அடக்கம், வேன் வாடகை மட்டும் தனி. எங்கள் மாணவர்களின் பெற்றோரில் பெரும்பாலோர் தறி ஓட்டுபவர்களும் சேகோ ஆலையில் வேலை செய்பவர்களும்தான். பாதித் தொகையை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டதால்தான் எங்களால் போக முடிந்தது. ஆகவே, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கும் கடமை எனக்கு உண்டு.

முதல் சோதனை பயிலரங்கு தொடங்குவதற்கு முன்பே, மலைப்பாதையில் நடந்தது. சேலத்தில் வேனில் ஏறும்போதே குழுவில் ஒருவர் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டு, ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ஏற்காடு போய்ச் சேரும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. அடிவாரம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளைக் கூவி எண்ணிக்கொண்டே வந்தவர்கள், பத்தாவது வளைவுக்கு மேல் பொட்டலங்களை அழுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். இருபதாவது வளைவைக் கடந்தபோது, தொளதொளவென்று இருந்த பொட்டலங்கள் எல்லாம் தலையணை போல உப்பி விறைத்திருந்தன. அவர் தம் கைப்பேசியிலிருந்த காற்றழுத்தமானியைக் காட்டினார்: சேலத்தில் 975 ஹெக்டோபாஸ்கல் என்று நாங்கள் குறித்து வைத்திருந்த அளவு, மேலே 848 ஆகக் குறைந்திருந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்திருக்கிறோம், இடையில் நம் தலைக்கு மேலிருந்த காற்றில் எட்டில் ஒரு பங்கைக் கீழே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று அவர் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்பின் பாய்மங்கள் பாடத்தில் நான் இரண்டு பாடவேளைகள் செலவழித்துச் சொன்ன செய்தி அந்த ஒரு பொட்டலத்தில் அடங்கிவிட்டது. வாந்தி எடுத்த இரண்டு பிள்ளைகள்கூடப் பொட்டலத்தைக் கையிலிருந்து விடவில்லை.

இவ்வளவு நன்றாகத் தொடங்கியவர்கள், கூடத்துக்குள் நுழைந்ததும் திரையைப் போட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டார்கள். அப்துல் கலாமுக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்திய சிவசுப்பிரமணிய ஐயர், மாணவர்களை ராமேஸ்வரம் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவை பறப்பதைக் காட்டிய நிகழ்ச்சியைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் பறத்தலைப் பற்றி யாரும் பேசத் தொடங்குவதில்லை, இவர்களும் தொடங்கவில்லை. அந்த ஆசிரியர் கரும்பலகையை விட்டு வெளியே போனதுதான் அந்தக் கதையின் உயிர், அதையே கூடத்துக்குள் உட்கார வைத்துத் திரையில் காட்டுகிறார்களே என்று எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது. அதன்பின் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். அதன் மூன்றாம் பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாளின் சிறப்பு, தெர்மாகோல் சறுக்கு விமானம் செய்ததுதான். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தெர்மாகோல் தகட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கை, அதற்கு உடலாக மெல்லிய மூங்கில் குச்சி, பின்னால் சிறிய வால், மூக்கில் ஒட்டிக்கொள்ள ஒரு ரூபாய் நாணயம், இவ்வளவே பொருள்கள். இறக்கை வளையாமல் இருக்க அதன் நடுவே தென்னை ஈர்க்கை ஓடவிட்டு ஒட்டச் சொன்னார்கள். கடையில் விற்கும் பால்சா மரப் பெட்டியைக் கொடுத்துப் படத்தைப் பார்த்துப் பொருத்தச் சொல்லாமல், ஈர்க்கும் தெர்மாகோலும் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் உடைந்தால் பிள்ளைகளே வீட்டில் இன்னொன்று செய்துகொள்ளலாம். ஒட்டுவதற்குக் கொடுத்த பசைதான் மோசம். அது தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிட்டதால் நான்கு இறக்கைகள் முதல் அரை மணி நேரத்திலேயே வீணாயின. வெளியூருக்குக் கூட்டிவந்து பாடம் நடத்துபவர்கள், பசையை ஒரு துண்டில் தடவிப் பார்த்திருக்க வேண்டாமா?

நாணயத்தை எங்கே ஒட்டுவது என்பதை அவர்கள் சொல்லித்தரவில்லை என்பதுதான் இந்தப் பகுதியின் அழகு. முதலில் நாணயமே இல்லாமல் எறியச் சொன்னார்கள். 26 விமானங்களும் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, வாலை முன்னிட்டுச் சரிந்து விழுந்தன. பிறகு நாணயத்தை மூக்கின் நுனியில் ஒட்டினார்கள். அவை நேராகத் தரையில் குத்தின. எங்கள் வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி, கண்ணாடி வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாணயத்தை ஒட்டும் பட்டையைப் பிரித்து நகத்தின் அகலம் பின்னால் நகர்த்தி ஒட்டுவாள், இறக்கையின் அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொடுத்துத் தூக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள், எழுந்து எறிவாள், திரும்ப உட்காருவாள். பதினோராவது முறை விமானம் கூடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டது போலச் சறுக்கிச் சென்று எதிர்ச்சுவரின் அருகே வயிறு தரையில் பட இறங்கியது. விரல் வைத்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளச் சொல்லி, எல்லோருடைய விமானத்திலும் அளந்து பார்த்தபோது, நன்றாகப் பறந்தவை அனைத்திலும் அந்தப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு அகலத்தில் இருந்தது. ஈர்ப்பு மையம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பயிற்றுநர் உச்சரித்தார். நான் இருபது ஆண்டுகளாக அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எடுத்துக்காட்டு தேடியிருக்கிறேன்.

அடுத்து அளவீடு. தோளளவு உயரமான 1.2 மீட்டரிலிருந்து, தள்ளாமல், கையை விட்டு நழுவவிடுவது போல விட வேண்டும். ஒருவர் நிறுத்துக் கடிகாரம் பிடிக்க வேண்டும். ஒருவர் தரையில் நாடா வைத்து அளக்க வேண்டும். நல்ல விமானங்கள் 7 மீட்டர் சுமாருக்கு, 1.8 விநாடியில் சென்றன. இறங்கிய உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம், விநாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகம் என்று பிள்ளைகளே வகுத்துச் சொன்னார்கள். விமானத்தின் எடை நாணயத்தோடு சேர்த்து 8 கிராம். இந்த இரண்டு எண்களையும் கையேட்டின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்னபோது, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை, மறுநாள் தெரிந்தது.

இங்கே ஒரு குறை. மலையில் காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால் விமானம் பறப்பதில் ஏற்படும் வேறுபாட்டைக் கண்ணால் காணலாம் என்று அவர்களுடைய அறிவிப்புத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். அதற்காகவே சேலத்தில் கிளம்புமுன் அவர்கள் கொண்டுவந்திருந்த மாதிரி விமானம் ஒன்றைப் பள்ளி வராந்தாவில் பத்து முறை பறக்கவிட்டு அளந்தோம். அன்றைய வெயிலையும் மேலிருந்த குளிரையும் கணக்கில் சேர்த்தால், ஏற்காட்டுக் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குதான் குறைவு. வேகத்தின் இருமடியும் அடர்த்தியும் பெருகித்தான் இறக்கையின் மீதான விசை அமைகிறது என்பதால், அதே எடையைத் தாங்க விமானம் நூற்றுக்கு ஐந்து அளவே வேகமாகப் பறந்தாக வேண்டும். கையால் விடும் விமானத்தில், ஒரே மாணவர் ஒரே விமானத்தை விட்டபோதே, ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே அதைவிடப் பெரிய வேறுபாடு வந்தது. எனவே நாங்கள் கண்ணால் கண்டது ஒன்றுமில்லை. பயிற்றுநரோ மேலே எடுத்த அளவுகளில் வேகமானவை நான்கைந்தை மட்டும் பலகையில் எழுதி, பாருங்கள் வேறுபாட்டை என்றார். நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. சோதனை கைகொடுக்காதபோது கைகொடுக்கவில்லை என்று சொல்வதும் பாடத்தில் சேர்ந்ததுதான். அவர் முகம் சுளிக்காமல் பலகையை அழித்துவிட்டு, எல்லா அளவுகளையும் எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலை தேநீருக்குப் பிறகு கையேட்டின் மூன்றாம் பக்கத்துக்கு வந்தோம். இறக்கையின் மேற்பரப்பு வளைந்தும் கீழ்ப்பரப்பு தட்டையாகவும் இருக்கும், மேலே செல்லும் காற்றுக்கு வழி நீளம், அது கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய வேண்டியிருப்பதால் வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பெர்னௌலி 1738இல் சொன்னார், ஆகவே இறக்கை மேலே தூக்கப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. நம்மில் பலரும் இப்படித்தான் படித்தோம். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடத்தினேன். பிரிந்து போகும் இரண்டு காற்றுத் துளிகள் மறுமுனையில் ஒன்றாகச் சேர வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. உண்மையில் மேலே செல்லும் காற்று கீழே செல்வதற்கு முன்பாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. பெர்னௌலியின் தேற்றத்தில் பிழை இல்லை. வேகம் கூடுவதற்குச் சொல்லப்படும் காரணம்தான் கட்டுக்கதை. நான் வாயைத் திறப்பதற்கு முன், நாணயத்தை நகர்த்தி நகர்த்தி ஒட்டிய அதே மாணவி தன் விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், என்னுது தட்டையாத்தானுங்க இருக்கு. மேலயும் கீழயும் வழி ஒண்ணுதானே? அப்புறம் எப்படிங்க சார் பறந்துச்சு?"

கூடம் அமைதியாகிவிட்டது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், "நல்ல கேள்விம்மா, நாளைக்குக் காலையில தராசுல வச்சுக் கேட்டுரலாம்" என்று சொல்லி அன்றைய வகுப்பை முடித்துவிட்டார். தப்பித்துக்கொள்கிறார் என்றே நான் நினைத்தேன்.

மறுநாள் காலை நடந்ததுதான் இந்தப் பயிலரங்குக்கு நான் கொடுத்த பணத்தின் பெறுமதி. குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டியின் இருபுறமும் திறந்து, ஒரு முனையில் பெடஸ்டல் விசிறி, அதன் முன்னால் நூற்றுக்கணக்கான உறிஞ்சுகுழல்களைத் தேன்கூடு போல அடுக்கி ஒட்டிய தட்டி, பக்கவாட்டில் கண்ணாடித் தாள் ஒட்டிய சன்னல் என்று ஒரு காற்றுச் சுரங்கம் செய்து வைத்திருந்தார்கள். விசிறியிலிருந்து சுழன்று வரும் காற்று அந்தக் குழல்களுக்குள் புகுந்து நேராகி வெளிவரும். பெட்டியின் அடியில், காற்றுப் படாத இடத்தில் ஒரு மின்னணுத் தராசு. அது செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உறவினரிடமிருந்து இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கி வந்தது. பத்து மில்லிகிராம் வரை காட்டும். தராசின் மேல் நிற்கும் கம்பி பெட்டியின் தரையிலுள்ள துளை வழியாக உள்ளே வருகிறது. அதன் உச்சியில் அந்த மாணவியின் இறக்கை, பக்கத்தில் வடிவியல் பெட்டியிலிருந்து எடுத்த கோணமானி. கம்பியும் இறக்கையும் ஏறிய பிறகு தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு விசிறியைப் போட்டால், இறக்கை மேலே இழுக்கப்படும் அளவுக்குத் தராசு கழித்தல் குறியோடு எண் காட்டும்.

இறக்கை காற்றுக்கு நேராகப் படுத்திருந்தபோது தராசு அசையவில்லை. முன்விளிம்பை 4 பாகை தூக்கியதும் கழித்தல் 4 கிராம். 8 பாகையில் கழித்தல் 8 கிராம். தராசுக்கு முன்னால் தரையில் படுத்து எண்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்த மாணவன் "எட்டு" என்றதும், யாரோ கையேட்டின் ஓரத்தைப் பார்த்துவிட்டு "டீச்சர், நம்ம பிளேன் வெயிட்டே எட்டுதான்!" என்று கத்தினார்கள். கையடக்கக் காற்றுவேகமானியில் பார்த்தால் சுரங்கத்தில் காற்றின் வேகம் விநாடிக்கு 4 மீட்டர். முந்தைய நாள் நாடாவும் கடிகாரமும் வைத்து அளந்த அதே வேகம், அதே எடை. தட்டையான தகடு சற்றே சாய்ந்து நின்றால் போதும், எதிர்வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும், காற்றைக் கீழே தள்ளும் இறக்கையைக் காற்று மேலே தள்ளும் என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை, சுரங்கத்தின் மறுமுனையில் ஒட்டியிருந்த நூல் துண்டுகள் கீழ்நோக்கிச் சாய்ந்து காட்டிக்கொண்டிருந்தன.

அதோடு விடவில்லை. விசிறியைக் குறைத்து, வேகத்தை விநாடிக்கு 3 மீட்டராக்கியபோது 8 கிராம் 4.5 கிராமாகக் குறைந்தது. ஒன்பதைப் பதினாறால் வகுத்து எட்டால் பெருக்கிப் பார்க்கச் சொல்லி, இருமடி என்றால் என்ன என்பதைத் தராசையே சொல்ல வைத்தார்கள். மீண்டும் வேகத்தைக் கூட்டிக் கோணத்தை 12 பாகைக்கு உயர்த்தியபோது 9.5 கிராம் வந்தது. 16 பாகையில் எல்லோரும் 12, 13 என்று பந்தயம் கட்டினார்கள். தராசோ 9 கிராமுக்கு இறங்கி, அங்கும் நிலைகொள்ளாமல் நடுங்கியது. இறக்கையின் மேற்புறம் ஒட்டியிருந்த தையல் நூல்கள், அதுவரை பின்னோக்கிப் படிந்திருந்தவை, திடீரென எல்லாப் பக்கமும் துள்ளி, சில முன்னோக்கியே புரண்டன. காற்று மேற்பரப்பை விட்டு விலகிவிட்டது. விமானிகள் ஸ்டால் என்று அஞ்சுவது இதைத்தான். முதல் நாள் நாணயமில்லாத விமானங்கள் மூக்கைத் தூக்கி நின்று சரிந்ததும் இதனால்தான். பிறகு, மேற்புறம் வளைவாக அட்டை ஒட்டிய இறக்கையைப் பொருத்தியபோது, அது சாய்க்காமலே 3 கிராம் தூக்கியது. ஆக, வளைவுக்கும் பயன் உண்டு, ஆனால் வளைவு இல்லாவிட்டால் பறக்க முடியாது என்பது பொய் என்று பிள்ளைகள் தாங்களே முடிவுக்கு வந்தார்கள். இடையில் மின்னழுத்தம் குறைந்து விசிறி தளர்ந்ததால் இரண்டு அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

ரைட் சகோதரர்கள் 1901இல் தங்கள் மிதிவண்டிக் கடையில் வைத்துச் செய்த காற்றுச் சுரங்கமும் ஆறடி நீள மரப்பெட்டிதான். அதன் தராசைச் சக்கரக் கம்பிகளையும் இரம்பத் தகடுகளையும் கொண்டு செய்திருந்தார்கள். காற்றின் விசையைக் கணிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பொறியாளர்கள் நம்பிவந்த 0.005 என்ற எண் பெரிது, அது 0.0033 அளவில்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுபிடித்ததும், சுமார் இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்ததும் இந்த இடத்தில் பயிற்றுநர் சொன்ன செய்திகள். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அச்சிலிருந்த எண்ணை நம்பாமல் பெட்டி செய்த கதையை, அச்சிலிருந்த மூன்றாம் பக்கம் தோற்றுப்போன காலையில் சொல்லக் கேட்டது பொருத்தமாக இருந்தது. அதைத் தங்கள் கையேட்டோடு சேர்த்துச் சொல்லும் நேர்மையும் அவர்களுக்கு இருந்தது.

மதியம் லேடிஸ் சீட்டுக்கு நடத்திச் சென்றார்கள். கீழே சேலம் நகரம் வெயிலில் கிடக்க, தென்மேற்கிலிருந்து வந்த காற்று மலைச்சரிவில் மோதி மேலேறி எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கரும்பருந்துகள் நான்கைந்து எங்கள் கண்மட்டத்திலேயே, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல், ஆணியடித்து மாட்டியது போல நின்றன. அவை காற்றுக்குள் சறுக்கி இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன, இறங்கும் அதே வேகத்தில் காற்று மேலேறுவதால் நமக்கு நிற்பது போலத் தெரிகிறது என்று சொன்னபோது, ஆறுக்கு ஒன்று என்று தாங்கள் அளந்த கணக்கைப் பருந்துக்குப் போட்டுப் பார்க்க முயன்ற மாணவர்களும் இருந்தார்கள். வாலைத் திருகி மூக்கை ஏற்றி இறக்குவதை ஏதோ ஒரு பருந்து செய்யும்போதெல்லாம் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள். முதல் நாள் கடற்கரைக் கதைக்கு நான் பட்ட எரிச்சலை இங்கே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று தெரிந்த ஊரில், ஆடி மாதத்தில், திறந்த மைதானத்தில் சறுக்கு விமானப் போட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று; பதினைந்து விமானங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் போய்ச் சிக்கிக்கொண்டன. தண்ணீர் ராக்கெட்டில் அடைப்பான் ஒழுகியதால் மூன்றில் ஒன்றுதான் மேலே போனது. அது ஒழுகியதைவிட, பாட்டிலில் மிதிவண்டிப் பம்பால் காற்றடிக்கும்போது பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுக்காததுதான் எனக்குக் கவலையளித்தது. நான் எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். ட்ரோன் பறக்கவிட்ட அரை மணி நேரம் வெறும் வேடிக்கை, ஒரு மாணவர்கூடத் தொடவில்லை. சான்றிதழ் வழங்கிப் படம் பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் போனது. அந்த நேரத்தில் வளைந்த இறக்கைக்கும் முழு அளவீடு எடுத்திருக்கலாம். மகோகனி விதைகளை மாடியிலிருந்து உதிர்த்துச் சுழலவிட்டதும் எருக்கம்பஞ்சு மிதக்கும் நேரத்தைக் கணக்கிட்டதும் நன்றாக இருந்தன, ஆனால் அவசரமாக முடிந்தன. சாப்பாடு எளிமையாகவும் சூடாகவும் இருந்தது. இரவுக்குக் கம்பளி போதவில்லை.

இந்தப் பயிலரங்கை மற்றப் பள்ளிகளுக்குச் சொல்வேனா என்று கேட்டால், சொல்வேன். ஆனால் ஆடியைத் தவிர்த்துத் தை, மாசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், தராசும் காற்றுச் சுரங்கமும் உண்டா என்று முதலில் கேட்கச் சொல்வேன். தராசு இல்லையென்றால் அந்த 1,350 ரூபாய்க்கு ஏற்காட்டுச் சுற்றுலாதான் மிஞ்சும். அடர்த்தி வேறுபாட்டைக் காட்ட வேண்டுமென்றால் விமானத்தை விட்டுவிட்டு, அதே சுரங்கத்தைச் சேலத்தில் ஒரு முறையும் மலையில் ஒரு முறையும் ஓட்டி, காற்றின் வேகத்தை வேகமானியால் சமமாக்கிக்கொண்டால், 8 கிராமில் முக்கால் கிராம் அளவுக்கு வேறுபாடு தெரிய வேண்டும். கொலுசுத் தராசுக்கு அது எளிய வேலை. இதை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பள்ளியிலும் ஓர் அட்டைப் பெட்டியும் பழைய விசிறியும் கிடைத்துவிட்டன; உறிஞ்சுகுழல்களை அடுக்கும் வேலையை ஏழாம் வகுப்பினர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்; தராசுக்குத்தான் இன்னும் ஆள் பிடிக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தைத் திருத்தி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், சொன்னபடியே போன வாரம் அனுப்பினார்கள். ஒரே நேரத்தில் போய்ச் சேரும் காற்று அதிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் எடுத்த கோணமும் எடையும் அட்டவணையாக இருக்கின்றன. 12 பாகைக்கு நேரே 9.5 என்பதற்குப் பதிலாக 95 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. கண்டுபிடித்தவள் அந்த மாணவிதான். அவ்வளவு தூக்கினால் தராசே பறந்திருக்குமே டீச்சர் என்றாள்.